இன்னும் ரெண்டு

"வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க. இந்த மூணுக்கு மேல தமிழ்ல வாயைத் திறக்காதே. மீதிக்கெல்லாம் சிரிச்சு வை," என்று கம்லா மகளிடம் இந்தியில் சொன்னாள். கரும்பு வெட்டக் கடல் கடந்து வந்த தமிழர் வீடுகளில் மகள் தலைமுறைக்கு இந்திதான் பேச்சு.

உர்மிளா தலையாட்டிக்கொண்டே வான்டன் மடித்தாள். மெல்லிய மாவுத் தகட்டின் நடுவில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலப்பொடியும் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முனைகளைக் கூட்டி ஒட்டி எண்ணெயில் போட்டாள். சீனாக்காரர் கடை அம்மா கற்றுக்கொடுத்த பலகாரம். சோமாசி செய்யடி என்று கம்லா சொன்னதற்கு, இதுவும் சோமாசிதான், சீனாவுக்குப் போய்வந்த சோமாசி என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை நரேந்திராவுக்கு ரராவாய் சர்க்கரை மில்லில் வேலை. கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து உர்மிளாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவன் அப்பா பாலசுப்பிரமணி தமிழ்ச் சங்கத்தில் துணைத் தலைவர். தமிழ் தெரிந்த பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதைச் சோதிக்கத்தான் இன்று நடபுவாவிலிருந்து தனியாக வருகிறார் என்று கம்லா நினைத்தாள்.

வந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. "வணக்கம்" என்றார் கணீரென்று. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உர்மிளா, "வாங்க உட்காருங்க சாப்பிடுங்க" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

உட்கார்ந்து ஒரு வான்டனை வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். வாய் நிறைந்திருக்கும்போதே, "வாண்டாம்மா" என்றார்.

உர்மிளா இன்னும் ரெண்டு வைத்தாள்.

கம்லாவுக்குப் பகீரென்றது. மனிதர் பழைய காலத்து ஆள்போல. தட்டில் விழுந்ததை வீணாக்காமல் தின்று முடித்தார். கையை நீட்டி மறுபடியும் "வாண்டாம்மா" என்றார். மறுபடியும் ரெண்டு விழுந்தது.

நிறுத்துடி என்று சொன்னால் மகளுக்குத் தமிழ் தெரியாதது வெளியாகிவிடும். சொல்லாவிட்டால் மனிதர் வயிறு வெடித்துவிடும். கம்லா கண்ணால் ஜாடை காட்டினாள். உர்மிளா, சொல்லிக்கொடுத்தபடி, அழகாகச் சிரித்தாள்.

தட்டு காலியானது. இன்னும் பொரிக்க உர்மிளா சமையற்கட்டுக்குத் திரும்பியபோது கம்லாவால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சிடுங்க. எம் பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. நீங்க வாண்டாம் வாண்டாம்னு சொல்லச் சொல்ல, அவ பாட்டுக்கு அள்ளி வெச்சுட்டா."

பாலசுப்பிரமணி திருதிருவென்று விழித்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி இந்தியில் பேசினார்.

"அம்மா, அதையே இந்தியில சொல்லிடுங்க. வணக்கத்துக்கு மேல எனக்குத் தமிழ் வராது. வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சா சங்கத்துல என் மானம் தப்பும்னுதான் அப்படிப்பட்ட பொண்ணாத் தேடினேன்."

கம்லா மெல்ல எல்லாவற்றையும் இந்தியில் திருப்பிச் சொன்னாள்.

அவர் காலித் தட்டைச் சமையற்கட்டுப் பக்கமாக நகர்த்தினார்.

"வேணாம்னு நான் எங்கே சொன்னேன், சம்பந்தியம்மா? வான்டன்மா, வான்டன்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், உங்க பொண்ணுக்கு மட்டுந்தான் புரிஞ்சுது."