புதன்கிழமை நாற்காலி

“உங்க ஓரகத்தி மனநல ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தாளாமே? மண்டையில ஏதாவது கோளாறா?” பக்கத்து பிளாட்காரி காதோரம் வந்து கேட்டாள்.

மூத்தவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “என்னத்தைச் சொல்ல” என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆற்றாமையோடு கதவைச் சாத்தினாள்.

இந்தத் தேசத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து தூக்கத்தைத் தொலைத்தது இவள். காரணமில்லாமல் அழுவது இவள். அழுகையைக் கையைக் காலை ஆட்டியா அடுத்த பாஷைக்காரனிடம் சொல்ல முடியும்? அந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ் தெரிந்த டாக்டரம்மா புதன்கிழமை மட்டும் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஐந்து மாதத்துக்கு முன்பே போனில் பேரைப் பதிந்தாள். இன்னும் கூப்பிட்டபாடில்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று இளையவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவள் என்னடாவென்றால் மூன்று மாதமாகப் புதன் தவறாமல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போய்வருகிறாள். படுத்தால் குறட்டை விடுகிறவளுக்கு என்ன வியாதி? ஜன்னல் வைத்த அறை அவளுக்கு. மாமியார் மெச்சுவது அவளை. இப்போது டாக்டரும் அவளுக்குத்தான் முதலில்.

“அங்க போய் என்னதான் பேசுவ?” பாத்திரம் தேய்த்தபடி கேட்டாள்.

“ஒண்ணும் பேசறதில்லக்கா. சும்மா உக்காந்துட்டு வருவேன்.”

கள்ளி. பூசி மெழுகுகிறாள்.

அடுத்த புதன், பொறுக்கமுடியாமல் மூத்தவளே கிளம்பிவிட்டாள். வாசலை ஒட்டிய நாற்காலியில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில், இளையவள் போனும் கையுமாக இருந்தாள். அவளைத் தாண்டிப் போய் டாக்டரம்மாவையே மடக்கினாள்.

“அஞ்சு மாசமா நான் காத்துக்கிடக்கேன். நேத்து வந்த இவளை எப்படி முன்னாடி பாத்தீங்க?”

“இவங்களை நான் பாத்ததே இல்லையே. பட்டியல்ல இவங்க பேரே கிடையாது.”

“அப்ப எதுக்கு வாராவாரம் வர்றா?”

“யாராவது வரலைன்னா, அந்த நேரத்தை இங்க காத்திருக்கிறவங்களுக்குக் குடுப்போம். நாலு பேர் பாக்க உக்கார நீங்க கூச்சப்படுவீங்களாமே. உங்களுக்குப் பதிலாத்தான் இவங்க உக்காந்திருக்காங்க.”

இளையவள் எழுந்து வந்தாள். “உங்களுக்குத்தான்கா போன் போட்டுக்கிட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தர், மூணு மணிக்காரர், வரல. சீக்கிரம் உள்ள போங்க.”

மூத்தவள் உள்ளே போகாமல் அவள் பக்கம் திரும்பினாள். “பக்கத்து பிளாட்காரி... உன்னைப் பத்தி...”

“என்கிட்டயும் கேட்டாக்கா. எனக்குத்தான் கோளாறுன்னு சொல்லிட்டேன். உங்க பேரு வெளிய வராது.”