ஐந்தாவது பெயர்

"ஒரே அடுப்புதானா? இல்ல, இவங்க தனியாப் பொங்கிச் சாப்பிடுறாங்களா?"

உணவு உதவி அலுவலகத்தின் எழுத்தர் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஒரே அடுப்புதான்" என்றாள் அவள்.

விடுதி ஒன்றின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை அவளுக்கு. கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் விடுப்பு வாங்கி வந்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு மூத்தவள். பிள்ளை குட்டி இல்லை. பெரியப்பா போன பிறகு ஒண்டிக்கட்டை. தலையைப் படிய வாரி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவள் போல முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்தாங்க உங்க வீட்டுக்கு?"

"பத்து மாசம் ஆச்சு."

எழுத்தரின் விரல் நின்றது. "பத்து மாசமா? வந்த உடனே பேரைச் சேர்த்திருக்கலாமே. இத்தனை மாசம் இவங்க பங்கை விட்டுட்டீங்களேம்மா."

அவள் மடியிலிருந்த காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கினாள்.

வீட்டில் பெரியம்மா கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு மாதம் படிவம் கிடைக்கவில்லை என்றாள். அடுத்த மாதம் புகைப்படம் சரியில்லை என்றாள். அப்புறம் மேற்பார்வையாளர் விடுப்பு தரவில்லை என்றாள். ஒருமுறை டோக்கன் வாங்கி, தன் எண்ணைக் கூப்பிடும்போது எழுந்து, வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இருக்கிறது நமக்குப் போதாதா பெரிம்மா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"போதும்டி. ஆனா எம்பேருல வந்தாத்தான் எனக்குத் தொண்டைல இறங்கும்."

பெரியம்மாவுக்கு ரோஷம் அதிகம் என்று அவள் புருஷன் சிரித்து மழுப்பினான். பெரியம்மா சிரிக்கவில்லை. தட்டில் இரண்டு கைப்பிடி போட்டுக்கொண்டு, வயிறு நிறைந்துவிட்டது என்பாள். போன மாதம் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். கழுத்தெலும்பு குழி விழுந்து, தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாமல்தான் இன்று வந்தது.

வரிசையில் பின்னால் நின்ற ஆள் யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "வயசானவங்கன்னா எல்லாருக்கும் இளக்காரம்தான். கடைசியிலதான் ஞாபகம் வரும்."

அவள் காது சூடேறியது. தலைகுனிந்தாள்.

பெரியம்மா திரும்பினாள். "உங்க வேலையப் பாருங்க தம்பி. என்னை உள்ளங்கைல வச்சுத் தாங்குறா இவ."

அந்த ஆள் தன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா, ஒரு பேரைச் சேர்க்கணும்னா பழைய பேரு எல்லாத்தையும் ஒருதடவ சரிபார்க்கணும். அதான் முறை. நான் வாசிக்கிறேன், நீங்க ஆமா சொல்லிட்டே வாங்க. ஏற்கெனவே நாலு பேரு. இவங்களோட அஞ்சு."

எல்லாப் பெயரையும் சரிபார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதல்முறை வந்த அன்றே சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டாள். படித்ததால்தான் எழுந்து போனாள்.

அவர் அவள் பெயரை வாசித்தார்.

"ஆமா."

புருஷன் பெயர்.

"ஆமா."

பெரியவன் பெயர். பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன்.

"ஆமா."

மேசைக்குக் கீழே பெரியம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

அவர் நான்காவது பெயரை வாசித்தார்.

வீட்டில் அந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. பாப்பா என்றால் பாப்பா, அவ்வளவுதான். அதை இப்படி நிதானமாக, ஓர் எழுத்தும் குறையாமல் ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. இன்னொரு தடவை வாசிக்க மாட்டாரா என்றிருந்தது அவளுக்கு.

"பாப்பாவுக்கு வயசு ஏழுன்னு இருக்கும்மா. பிறந்த தேதியைப் பார்த்தா போன மாசமே எட்டு முடிஞ்சிருக்கு. மாத்திரட்டுமா?"

ஆமா என்று சொல்லிவிடலாம். மூன்று தடவை சொன்ன சொல்தான். நான்காவது தடவையும் சொன்னால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கப் போவதில்லை. பட்டியலில் ஐந்து பேர் ஆகிவிடுவார்கள்.

பத்து மாதத்துக்கு முன்னால் பெரியம்மா ஒற்றைப் பையோடு வந்து இறங்கியபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அழுகைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. எல்லாரும் போன பிறகு பெரியம்மா மட்டும் போகவில்லை. மூன்று நாளாக மூட்டாத அடுப்பை மூட்டி, பாப்பாவைப் பெற்றவளுக்கு வாயில் ஊட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நாலு பங்கு வந்தது. நாலு பேர் சாப்பிட்டார்கள்.

மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது.

"மாத்த வேணாங்க" என்றாள் அவள். "ஏழுதான்."

எழுத்தர் முதன்முறையாகத் திரையை விட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

ஒரு பெயரை எடுக்க ஒரு முறை, ஒரு பெயரைச் சேர்க்க ஒரு முறை என்று விசையைத் தட்டினார். மொத்தம் என்ற கட்டத்தில் இருந்த நான்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.