குண்டூசி திரும்பிய விதம்

எடுத்தது மூன்று எக்ஸ்ரேயா நான்கா என்பது இப்போது நிச்சயமில்லை. மூன்று என்றே வைத்துக்கொள்வோம். தையல்காரி பியூலா, கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் அளவுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டிடுக்கில் நான்கு ஊசிகள். "கல்யாணத்துக்குள்ள இளைச்சிடுவேன்க்கா, இறுக்கமாவே தைங்க" என்றாள் பெண். பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது மூன்று ஊசிகள்தான் இருந்தன.

முதல் படத்தில் ஊசி இரைப்பையில் கூர்முனை கீழாகக் கிடந்தது. "குடலைக் குத்திட்டா வயித்தைத் திறக்கணும். ரெண்டு நாள் பாப்போம்" என்றார் டாக்டர். கணவன் செல்வின் வெளிறிய முகத்தோடு படத்தை வாங்கி உறையில் போட்டான். "மூஞ்சிய ஏங்க இப்படி வச்சிருக்கீங்க? முழுங்கினது நானா நீங்களா?" என்றாள் பியூலா.

மறுநாள் படத்தில் ஊசி குடலுக்குள் இறங்கியிருந்தது. ஆனால் குண்டுத்தலை முன்னேயும் கூர்முனை பின்னேயுமாகத் திரும்பியிருந்தது.

"யாரு சார் திருப்புனா?" என்று டாக்டரிடம் கேட்டான் செல்வின்.

"குடல்தான். கூர் பட்ட இடம் பின்வாங்கிக்கும். அப்படியே மெல்லத் திருப்பி விட்டுடும். எல்லாருக்கும் இப்படி அமையாது."

செல்வின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தூங்கும்போதும் அவனைக் கேலி செய்யும்போதும், கண்ணும் கையும் இல்லாத ஒன்று இருட்டுக்குள் அத்தனை பக்குவமாக ஓர் ஊசியைக் கையாண்டிருக்கிறது. அவள் வயிற்றைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சிரிப்பாள் என்று கையைக் கட்டிக்கொண்டான்.

மூன்றாம் படத்தில் ஊசி இல்லை. ரவிக்கையை வேறொருத்தி தைத்து முடிக்க, கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. டாக்டர் மாற்றலாகி வெளியூர் போனார். பியூலா மறுவாரமே தைக்க உட்கார்ந்தாள். அவள் வயிற்றைக் கும்பிடத் தோன்றியதை மட்டும் செல்வின் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.