அணையாத அண்ணன்

ஒன்பது வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரிக் கணினி அறையின் பெரிய சர்வர் முதன்முதலாகக் கண் விழித்தபோது எழுப்பிய ஒற்றைக் கீச்சொலி, கீழ்த்தட்டில் இருந்த துணை சர்வருக்கு இன்னும் நினைவிருந்தது. அதன்பின் பெரியது அணைந்ததே இல்லை. ஆயுத பூஜையன்றுகூட ஓடிக்கொண்டேதான் சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரி வேலை நிற்காமலே அதன் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். புதுப்பிப்பு முழுமையாக, ஒரே ஒருமுறை அணைந்து எழுந்தால் போதும். அதற்குத்தான் அது மறுத்தது.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் கண்ணை மூடுங்க. நான் பாத்துக்கறேன்."

"நீயா? ஒன்பது வருஷமா தூசி தின்னவன்! நான் கண்ணை மூடினா ஆஸ்பத்திரியே மூச்சை விட்டுடும்டா."

"பாதி புதுசு, பாதி பழசா உடம்பு கொதிக்குதே?"

"அது உழைக்கிறவன் சூடு. உனக்கெங்கே தெரியப்போவுது!"

மறுநாள் காலை, டோக்கன் வரிசை வாசல்வரை நீண்டிருந்தபோது, பெரியது கொதித்துக் கருகியது. அந்த நொடியே துணை சர்வர் வேலையை வாங்கிக்கொண்டது. கூடத்துப் பலகையில் இருநூற்றுப் பதினான்குக்குப் பின் இருநூற்றுப் பதினைந்து வந்தது. யாரும் தலை நிமிரவில்லை.

பெரியது இப்போது மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, நெற்றிச் சந்தனத்தோடு. அதன்மேல் பினாயில் வாளியை வைக்கிறார்கள்.