வெள்ளிக்கிழமைப் பட்டியல்

வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அந்த வாரத்து நட்பு நாடுகளின் அரசுப் பட்டியல் கைபேசிக்கு வந்துவிடும். வளைகாப்பு மும்முரத்தில் மங்களேசுவரி அதைப் பார்க்கவில்லை. வெளிநாட்டு மருமகள் ஹனாவுக்குக் கை நிறைய வளையல் அடுக்கி முடித்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

"இவங்க நாடு இன்னைக்குப் பட்டியல்ல இல்லைம்மா. முகாமுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றார் அதிகாரி.

"ஏழு மாசம் சார்! வயித்துல இருக்கறது எங்க வீட்டுப் பிள்ளை."

"பிள்ளை நம்ம நாட்டோடதுதான். பொறந்ததும் உங்ககிட்ட கொடுத்துட்டு, இவங்களைத் தாய் வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

முகாமுக்குள் கண்ணாடிப் பொருள் எதுவும் கூடாதாம்.

பிரசவம்வரை கழற்றக் கூடாது, வளையல் சத்தத்தை வயிற்றுப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும் என்று காலையில் சொல்லிக்கொடுத்த மங்களேசுவரியே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சத்தமில்லாமல் கழற்றத்தான் அவளால் முடியவில்லை.