காய்ச்சல் விசாரிக்கப் போனோம்

1957, குற்றாலத்தில் சீசன். தென்காசியிலிருந்து தங்கை கடிதம் போட்டிருந்தாள்: "இங்கே ஊரெல்லாம் புளு காய்ச்சல். எங்கள் வீட்டில் எல்லோரும் படுக்கை. அண்ணன் இந்த வருஷம் வர வேண்டாம்."

"நமக்கும் தொத்திக்கிடும், போவ வேண்டாம்" என்றாள் என் மனைவி செல்லத்தாய்.

"ஏட்டி, கூடப்பொறந்தவ காய்ச்சல்ல கெடக்கா. எட்டிப் பாக்கலேன்னா நான் மனுசனா?"

சீறிவிட்டு நானே பையைக் கட்டினேன். கடைத்தெருவில் ரொட்டி வாங்கிப் பைக்குள் மேலாக வைத்துக்கொண்டு, கடையத்தில் பஸ் ஏறினோம்.

தங்கை வீடு பூட்டிக் கிடந்தது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டேன்.

"காய்ச்சலா? எல்லாரும் குத்தாலத்துக்குக் குளிக்கல்லா போயிருக்காவ!"

"கூடப்பொறந்தவன்கிட்டயே பொய்யா?" ஆத்திரத்தில் பையை வீசினேன்.

ரொட்டியோடு எண்ணெய்ப் புட்டியும் இரண்டு துண்டும் வந்து விழுந்தன.

புட்டியைக் கையில் எடுத்த செல்லத்தாய் கேட்டாள்: "காய்ச்சக்காரிக்கு இது எதுக்கு?"