பொத்தையில் ஒரு சாணி

சங்கக் கூட்டத்தில் அனில்குமார் செல்போனைத் தூக்கிக் காட்டினான். படத்தில் சாணி. அன்று காலையில் விழுந்த புதுச் சாணி.

எடுத்த இடம், முட்டம் போகிற வழியில் உள்ள ஊர்ப் பொத்தை. சின்னக் குன்றுதான், ஆனால் மேலெல்லாம் புல். அந்தப் புல்லைக் காப்பாற்றத்தான் சங்கமே. தலைவர் முத்துநாயகம் பஞ்சாயத்தில் நடையாய் நடந்து, சுற்றிலும் வேலி போட வைத்தார். ஆடு மாடு நுழையக்கூடாது. கேட்டுக்குப் பூட்டு, சாவி தலைவரிடம்.

வேலி போட்ட முதல் வருஷம் புல் இடுப்பளவு வளர்ந்தது. காய்ந்தது. சாய்ந்து மட்கியது. இடையில் முள் கிளம்பியது. குட்டைப் புல்லில் முட்டையிடுகிற ஆள்காட்டிக் குருவி ஊரை விட்டே போய்விட்டது.

பிறகு என்னவோ, தானாகச் சரியாயிற்று. புல் குட்டையாக, பச்சையாக, பாய் விரித்தது மாதிரி. குருவியும் வந்தது. எல்லாம் வேலியின் மகிமை என்று சங்கம் மார்த்தாண்டத்தில் பிளக்ஸ் அடித்து வைத்துக்கொண்டது.

இப்போது இந்தச் சாணி.

பொத்தையடியில் மாடு வைத்திருப்பவள் பூங்கனி ஒருத்திதான். பால் விற்றுப் பிழைக்கிறவள். கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"கம்பி அறுபடல்ல, பூட்டும் உடையல்ல. உனக்க மாடு பறந்தா வந்துது?" என்றான் அனில்குமார்.



முத்துநாயகம் எழுந்தார். வேலி எதுக்குப் போட்டிருக்கு, துணி காயப்போடவா, பச்சையைக் கண்டால் உனக்கும் உன் மாட்டுக்கும் புத்தி பேதலிச்சிருமா என்று காய்ச்சி எடுத்தார். கேட்டவர்களுக்கே பாவமாக இருந்தது.

அனில்குமாருக்கு அது போதவில்லை. குவைத்தில் இருந்து வந்தவன். அங்கே புல்லில் ஒருத்தனும் கால் வைக்க மாட்டானாம். மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கணும், போலீசில் எழுதிக் கொடுக்கணும் என்று நின்றான்.

மாடு போனால் பூங்கனி வீட்டில் அடுப்பு எரியாது.

"போலீசு எதுக்குடே, ஊரு மானம் போகவா?" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "நாளையில இருந்து காவலுக்கு நானே நிக்கேன். வெளுக்கும் முன்ன கேட்டுப் பக்கத்துல நாற்காலி போட்டு இருக்கேன். எவளுக்க மாடு வருதுன்னு பாக்கேன்."

கைதட்டல். அனில்குமாரும் தட்டினான். எழுபது வயதில் இப்படி ஒரு தலைவரா என்று நாலு பேர் உருகினார்கள்.

பூங்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். தலைவர் விறுவிறுவென்று அவள் பின்னால் போனார். ஏச்சு இன்னும் பாக்கி இருக்கிறது போல என்று யாரும் கூடப் போகவில்லை.

தெரு முக்கு திரும்பியதும் அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏசினதை மனசுல வைக்காதட்டி. மாடு மேயாம புல்லு நிக்காதுன்னு முதல் வருஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேலி போடச் சொல்லிக் குதிச்சவன், இனி எந்த மூஞ்சிய வச்சு அதை ஊருல சொல்லுவேன்? கீழ்ப்பக்கம் முள்ளு கொழுந்து விடுது, மாடு அதைத் தொடாது. நாளைக்கு உனக்க ஆட்டையும் சேத்துப் பத்திட்டு வா. வழக்கம்போல கேட்டைத் தெறந்து வைக்கேன்."